இரண்டு கருவிகள், ஒரே மூளை

மருத்துவக் கல்லூரி மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். அவளிடம் ஒரு கைபேசியும் ஒரு மடிக்கணினியும் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே நினைவட்டைத் தொகுப்பு. தோளின் டெல்டாய்டு தசைக்குச் செல்லும் நரம்பு எது என்று கேட்கும் அட்டை அதில் ஒன்று. பத்து நாளுக்கு முன் சரியாகச் சொன்னாள். இன்று அது திரும்ப வரவேண்டிய நாள்.

காலையில் ரயிலில், சிக்னல் கிடைக்காத நேரத்தில், கைபேசியில் அந்த அட்டை வருகிறது. பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வரவில்லை. திருப்பிப் பார்க்கிறாள்: ஆக்ஸிலரி நரம்பு. ‘மறந்துவிட்டேன்’ என்ற பொத்தானை அழுத்துகிறாள். மதியம் நூலகத்தில் மடிக்கணினியைத் திறக்கிறாள். காலையில் நடந்தது அதற்குத் தெரியாது. அதே அட்டையைக் காட்டுகிறது. இப்போது பதில் சட்டென்று வருகிறது. ‘சரி’ என்று அழுத்துகிறாள். இரவு விடுதியில் வைஃபை கிடைத்ததும் இரண்டு கருவிகளும் தங்கள் கணக்கை ஒப்பிடுகின்றன. நாளைக்கே இந்த அட்டையைக் காட்ட வேண்டும் என்கிறது கைபேசி. இன்னும் 25 நாளுக்குக் காட்டவே வேண்டாம் என்கிறது மடிக்கணினி.

எதை ஏற்பது? சின்னக் கேள்வியாகத்தான் தெரிகிறது. ஆனால் இதற்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டுமென்றால் மறதியைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும், கணினிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு அறிவியல்கள் இப்படி ஒரே புள்ளியில் வந்து முட்டிக்கொள்ளும் இடங்கள் அதிகம் இல்லை.

முதலில் மறதி. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மான் எபிங்காஸ் பொருளற்ற அசைகளின் பட்டியல்களைத் தானே மனப்பாடம் செய்து, சற்றுக் காலம் விட்டு, அதே பட்டியலை மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். 20 நிமிடம் கழித்துத் திரும்பினால் முதல் முறை ஆன உழைப்பில் ஏறத்தாழ 58 சதவீதம் மிச்சமானது. ஒரு நாள் கழித்து 34 சதவீதம். 31 நாள் கழித்து 21 சதவீதம். முடிவுகளை 1885-இல் நூலாக வெளியிட்டார். முதலில் செங்குத்தாகச் சரிந்து, பிறகு மெல்லத் தாழும் அந்த வளைவுதான் இன்றைய நினைவட்டை மென்பொருள் அனைத்துக்கும் அடித்தளம். மறக்கப்போகும் தறுவாயில் ஒன்றை முயன்று நினைவுகூர்ந்தால் வளைவின் சரிவு குறைகிறது. அடுத்த மறுபார்வையை இன்னும் தள்ளி வைக்கலாம்.

1972-இல் ஜெர்மானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் இதைக் காகித அட்டைகளுக்கும் ஒரு பெட்டிக்கும் பொருத்தினார். பெட்டியில் பல அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும். அறை தள்ளிப் போகப்போக அதைத் திறந்து பார்க்கும் நாள்களும் தள்ளிப் போகும். லைட்னர் பெட்டியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் அறையில் ஓர் அட்டை இருக்கிறது என்பது தெரியும்; அது அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பது தெரியாது. ஒருமுறைகூடத் தவறாமல் வந்ததா, நான்கு முறை கீழே விழுந்து எழுந்து வந்ததா? பெட்டிக்கு வரலாறு கிடையாது, நிலை மட்டுமே உண்டு. பெட்டி ஒன்றே ஒன்று என்பதால் இது யாருக்கும் குறையாகப் படவில்லை.

போலந்தில் மாணவராக இருந்த பியோத்ர் வோஸ்னியாக் 1987-இல் இடைவெளி விட்ட மறுபார்வையைக் கணினிக்குக் கொண்டுவந்தார். எஸ்.எம்-2 என்று அறியப்படும் அவருடைய கணக்கு முறை எளிமையானது. முதல் இடைவெளி 1 நாள், அடுத்தது 6 நாள், அதன்பின் ஒவ்வொரு வெற்றிக்கும் முந்தைய இடைவெளியை அந்த அட்டைக்கே உரிய ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் 2.5-இல் தொடங்கும். எளிதான அட்டைக்கு ஏறும், கடினமானதற்கு இறங்கும், 1.3-க்குக் கீழே போகாது. ஆஸ்திரேலியரான டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்ட ஆங்கி என்ற மென்பொருள் இந்த முறையைத் தன் வசதிக்கு மாற்றி எடுத்துக்கொண்டது. மருத்துவ மாணவர்களும் மொழி கற்பவர்களும் உலகெங்கும் இன்று அதைப் பரவலாகப் பயன்படுத்துவதால் இந்த அத்தியாயத்திலும் அதுவே நமக்குச் சோதனைக்கூடம்.

நம் மாணவியின் கணக்கு இப்போது புரியும். மடிக்கணினி 10 நாளை 2.5-ஆல் பெருக்கி 25 என்றது. கைபேசி இடைவெளியை 1 நாளுக்கு இறக்கி, பெருக்கும் எண்ணையும் 2.3 ஆக்கியது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பிழையற்ற கணக்குகள்.

இரண்டு கணினிகளில் படிக்கத் தொடங்கியவர்கள் முதலில் கண்டுபிடித்த வழி, தரவுக் கோப்பை அப்படியே நகலெடுப்பது. அலுவலகக் கணினியிலிருந்து பென் டிரைவில் எடுத்துப் போய் வீட்டுக் கணினியில் போடுவார்கள். ஒரு நாள் எடுத்துப் போக மறந்தால் போதும், இரண்டு கோப்புகளும் வெவ்வேறு பாதையில் வளர்ந்துவிடும். அப்புறம் ஒன்றை வைத்துக்கொண்டால் மற்றதைத் தூக்கி எறிய வேண்டும். பின்னர் டிராப்பாக்ஸ் போன்ற மேகக் கோப்புறைகள் வந்தன. தொகுப்பை அதற்குள் வைத்துவிட்டால் தானாகவே எங்கும் போய்ச் சேருமே என்று பலர் நினைத்தார்கள். இன்றும் நினைக்கிறார்கள்.

அதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆங்கி தன் தரவை எஸ்.கியூ.லைட் என்ற தரவுத்தளக் கோப்பில் வைக்கிறது. அந்தத் தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் முதன்மைக் கோப்பின் பக்கத்திலேயே இன்னொரு துணைக்கோப்பும் இருக்கும். பாதி மாற்றம் இதில், பாதி அதில். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை. மேகக் கோப்புறைக்கு இந்த உறவு தெரியாது. முதன்மைக் கோப்பை ஒரு நொடியிலும் துணைக்கோப்பை வேறொரு நொடியிலும் படம்பிடித்து அனுப்பும். மறுபக்கம் போய்ச் சேர்வது எந்தக் கணத்திலும் உண்மையாக இருந்திராத ஒரு கலவை. தரவுத்தளம் சிதைவது இப்படித்தான். ஆங்கியின் கையேடே இந்தப் பழக்கத்தை எச்சரித்து விலக்குகிறது. ஆவணங்களுக்கும் படங்களுக்கும் அருமையாக உதவும் ஒரு கருவி, ஓயாமல் எழுதப்படும் தரவுத்தளத்துக்கு ஏற்றதல்ல.

ஆகவே கோப்பை விட்டுவிட்டு அதற்குள் இருக்கும் வரிகளை ஒத்திசைக்க வேண்டும். ஆங்கி செய்வது அதுதான். ஒவ்வொரு வரியோடும் இரண்டு எண்கள் ஒட்டியிருக்கின்றன. ஒன்று, அந்த வரி கடைசியாக மாறிய நேரம். மற்றது புதுப்பிப்பு வரிசை எண். கருவியில் ஒரு வரி மாறியவுடன் வரிசை எண் -1 ஆகிவிடும்; கருவிகளுக்கு நடுவில் இருக்கும் சர்வருக்கு இன்னும் சொல்லவில்லை என்பதற்கான அடையாளம் அது. ஒத்திசைக்கும்போது, நான் கடைசியாகப் பார்த்த எண் இது, அதற்குப் பின் வந்தவற்றைக் கொடு என்று கருவி கேட்கும். சர்வர் கொடுக்கும். பிறகு கருவி தன்னிடமுள்ள -1 வரிகளை அனுப்பும். பல்லாயிரம் அட்டைகள் இருந்தாலும் இன்று தொட்ட இருநூறு மட்டுமே கம்பியில் போகும். எல்லாம் முடிந்தபின் இரு பக்கமும் தங்களிடம் எத்தனை அட்டை, எத்தனை குறிப்பு, எத்தனை மறுபார்வைப் பதிவு என்று எண்ணி ஒப்பிட்டுக்கொள்ளும்.

இந்த வடிவமைப்பில் என்னை மிகவும் கவர்ந்தது, ஆங்கி பாட உள்ளடக்கத்தையும் படித்த கணக்கையும் வெவ்வேறு அட்டவணைகளில் வைத்திருப்பது. கேள்வி பதிலின் எழுத்துகள் ‘குறிப்பு’ என்ற வரியில். அடுத்த மறுபார்வை எப்போது என்பது ‘அட்டை’ என்ற வரியில். மடிக்கணினியில் எழுத்துப்பிழை திருத்துகிறீர்கள், கைபேசியில் அதே அட்டைக்கு விடை சொல்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு வரிகள் என்பதால் மோதல் இல்லை, இரண்டும் பிழைத்துக்கொள்ளும். எந்தெந்த விஷயங்கள் தனித்தனியாக மாறுகின்றனவோ அவற்றைத் தனித்தனி வரிகளில் வைத்துவிட்டால் பாதி மோதல்கள் பிறக்காமலே போகின்றன.

மீதிப் பாதி? ஒரே வரி இரண்டு இடத்திலும் மாறியிருந்தால், பிந்தைய நேரமுத்திரை உள்ளது வெல்லும். இந்த விதியின்படி நம் மாணவியின் அட்டையில் மதிய மாற்றம் வெல்கிறது. அட்டை 25 நாளுக்கு மறைந்துபோகிறது.

அது தவறான முடிவு. எந்த இயந்திரமும் கெட்டுப்போகவில்லை, எந்த விதியும் மீறப்படவில்லை, ஆனாலும் முடிவு தவறு. மதியம் அவளுக்கு விடை வந்ததற்குக் காரணம் பத்து நாள் தாங்கிய நினைவு இல்லை. காலையில் அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மதியம் சோதிக்கப்பட்டது சில மணி நேர நினைவு. பத்து நாள் நினைவு காலையிலேயே சோதிக்கப்பட்டுத் தோற்றிருந்தது. மடிக்கணினி இது தெரியாமல், பத்து நாள் கழித்துச் சரியாகச் சொன்னாள் என்று நம்பி 2.5-ஆல் பெருக்கியது. பிந்தைய விடைதான் புதியது, ஆகவே அதுவே நம்பத்தக்கது என்ற பொதுப்புத்தி இங்கே தலைகீழாகிவிடுகிறது. முந்தைய விடைதான் உண்மையான சாட்சி. பிந்தையது, முந்தையதன் நிழல்.

இந்த இடத்தில் கணினி அறிவியலின் மிகப் பெரிய கட்டுரைகளில் ஒன்றை நினைவுகூர வேண்டும். 1978-இல் லெஸ்லி லாம்போர்ட் வெளியிட்டது அது. தனித்தனிக் கணினிகளில் நடக்கும் இரண்டு நிகழ்வுகளில் எது முந்தையது என்று எப்படிச் சொல்வது என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அவருடைய விடை இது: ஒரு கணினியிலிருந்து மற்றதற்குச் செய்தி போயிருந்தால், அனுப்பியது பெற்றதற்கு முந்தையது என்று உறுதியாகச் சொல்லலாம். செய்தியே போகாவிட்டால் இரண்டுக்கும் முன்பின் இல்லை. அவை ஒருங்கே நிகழ்ந்தவை. இதன்படி பார்த்தால், காலையில் கைபேசியில் நடந்ததும் மதியம் மடிக்கணினியில் நடந்ததும் ஒருங்கே நிகழ்ந்தவை. இரண்டுக்கும் இடையே ஒரு பைட் கூடப் பரிமாறப்படவில்லையே.

ஆனால் செய்தி போயிருந்தது, அவள் தலைக்குள். ரயிலில் அவள் பார்த்த விடை நூலகம் வரை அவளோடு வந்து மடிக்கணினியின் விசையில் இறங்கியது. இப்படி நடக்கக்கூடும் என்பதை லாம்போர்ட் அதே கட்டுரையில் முன்னுணர்ந்திருந்தார். ஒருவர் ஒரு கணினியில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, வேறு ஊரிலுள்ள நண்பரைத் தொலைபேசியில் அழைத்து அங்குள்ள கணினியில் இன்னொரு வேலையைக் கொடுக்கச் சொல்கிறார். கணினிகளின் கணக்கில் இரண்டாவது வேலை முந்தையதாகப் பதிவாகிவிட முடியும், ஏனென்றால் தொலைபேசி உரையாடல் கணினிகளுக்கு வெளியே நடந்தது. வெளியே ஒரு பாதை இருந்தால் செய்திகளை மட்டும் வைத்து வரிசை சொல்ல முடியாது, நிஜக் கடிகாரம் வேண்டும் என்றார் அவர்.

நினைவட்டைகளில் வெளியே இருக்கும் அந்தப் பாதை மூளை. அது எப்போதும் திறந்தே இருக்கிறது. வங்கிக் கணக்கை இரண்டு கிளைகள் பார்த்துக்கொண்டால் பணம் சர்வரில் இருக்கிறது. நாள்காட்டியை இரண்டு கருவிகள் பகிர்ந்துகொண்டால் கூட்டத்தின் நேரம் கோப்பில் இருக்கிறது. நினைவட்டையில் மட்டும் ஒத்திசைக்க வேண்டிய உண்மைப் பொருள் எந்தக் கணினியிலும் இல்லை. அது ஒரு மனிதரின் மண்டைக்குள் இருக்கிறது. கைபேசியும் மடிக்கணினியும் சர்வரும் அந்த நினைவைத் தூரத்திலிருந்து கவனித்து எழுதும் குறிப்புகளைத்தான் வைத்திருக்கின்றன.

இதிலிருந்து ஒரு நல்ல செய்தியும் கிடைக்கிறது. மூளை ஒன்றே ஒன்று என்பதால் ஒரே கணத்தில் இரண்டு அட்டைகளுக்கு விடை சொல்ல முடியாது. எத்தனை கருவிகள் இருந்தாலும் விடைகள் உண்மையில் ஒற்றை வரிசையில்தான் நடந்திருக்கின்றன. பலர் கூடித் திருத்தும் ஆவணத்தில் இப்படியொரு வரிசையே இருக்காது. இங்கே இருக்கிறது; அதை மீட்டெடுக்கக் கடிகாரங்கள் ஒழுங்காக ஓடினால் போதும். கைபேசியிலும் கணினியிலும் உள்ள குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலும் நாளொன்றுக்கு 2 நொடிக்கும் குறைவான பிழைதான். இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும் வழக்கமும் இருப்பதால் ஒரு மனிதரின் படிப்பை வரிசைப்படுத்த இந்தத் துல்லியம் தாராளம். கைபேசி விளையாட்டுகளில் காத்திருக்கும் நேரத்தை ஏமாற்றுவதற்காகக் கைபேசித் தேதியை நாளைக்கு மாற்றி வைப்பவர்களால்தான் வரிசை குலையும். கருவியின் கடிகாரம் சர்வரிலிருந்து 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் ஆங்கி ஒத்திசைக்கவே மறுத்துவிடுவதற்குக் காரணம் இதுவே. பலருக்கு எரிச்சலூட்டும் அந்த மறுப்பு மிகச் சரியான மறுப்பு.

வரிசை கிடைத்தால் என்ன செய்யலாம்? நம் பழைய வணிகர்கள் நாள்வழி, பேரேடு என்று இரண்டு ஏடுகள் வைத்திருந்தார்கள். அன்றன்று நடந்த வரவு செலவு நடந்த வரிசையிலேயே நாள்வழியில் ஏறும். யார் பெயரில் எவ்வளவு நிலுவை என்பது பேரேட்டில் நிற்கும். பேரேட்டை எலி கடித்தால் நாள்வழியை வைத்து மறுபடி எழுதிவிடலாம். நாள்வழி போனால் பேரேட்டில் உள்ள நிலுவை எப்படி வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆங்கியின் தரவுத்தளத்திலும் இரண்டு ஏடுகள் உண்டு. ‘அட்டை’ வரி பேரேடு. அதற்கு அப்பால் மறுபார்வைப் பதிவேடு என்று தனி அட்டவணை இருக்கிறது, அதுதான் நாள்வழி. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் அதில் புதிதாக ஒரு வரி சேர்கிறது: எந்த அட்டை, எந்தப் பொத்தான், முந்தைய இடைவெளி என்ன, புதியது என்ன, விடை சொல்ல எத்தனை மில்லிநொடி ஆனது. அந்த வரியின் அடையாள எண், பொத்தானை அழுத்திய நேரம். 1970 ஜனவரி 1 முதல் கடந்த மில்லிநொடிகள். ஒரே ஆள் ஒரே மில்லிநொடியில் இரண்டு விடை சொல்ல முடியாது என்பதால் அடையாள எண்கள் மோதிக்கொள்வதில்லை.

இந்த ஏட்டை ஒத்திசைப்பது எத்தனை எளிது பாருங்கள். வரிகள் சேர்கின்றன, பழைய வரி எதுவும் திருத்தப்படுவதில்லை. இரண்டு கருவிகளின் பட்டியலையும் ஒன்றாகக் கொட்டி, திரும்ப வந்தவற்றை விட்டுவிட்டால் வேலை முடிந்தது. யாருடையதை முதலில் கொட்டினாலும் விளைவு ஒன்றே. மூன்று கருவிகளை எந்த ஜோடியாகச் சேர்த்தாலும் ஒன்றே. நெட்வொர்க் பாதியில் அறுந்து, அனுப்பியதையே மறுபடி அனுப்பினாலும் ஒன்றே. மார்க் ஷாபிரோவும் அவருடைய கூட்டாளிகளும் 2011-இல் இத்தகைய தரவு வடிவங்களுக்கு ஒரு பொதுக் கோட்பாட்டை வகுத்தார்கள். வளர மட்டுமே தெரிந்த கணம் (set) அவற்றில் மிக எளிய ஒன்று. அதில் மோதல் என்ற நிகழ்வே கிடையாது. தீர்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

நம் மாணவியின் இரண்டு அழுத்தல்களும் நாள்வழியில் பத்திரமாக இருக்கின்றன. ஆங்கி தன் கையேட்டில் சொல்வதும் அதுவே: ஒரே அட்டையை இரு இடத்தில் பார்த்திருந்தால் இரண்டும் வரலாற்றில் பதிவாகும், அட்டையின் நிலை மட்டும் கடைசியாகச் சொன்ன விடையின்படி இருக்கும். பேரேட்டில் பிழை, நாள்வழியில் உண்மை. நாள்வழியை முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் சரியான கணக்கு தானே வருகிறது. பத்து நாள் இடைவெளி. காலையில் மறதி, எனவே இடைவெளி 1 நாளாகிறது. மதியம் சரியான விடை, ஆனால் அது மறந்ததற்குச் சில மணி நேரம் கழித்து வந்தது, ஆகவே மறுகற்றலின் ஒரு படி மட்டுமே. அட்டை நாளை வர வேண்டும்.

இரண்டு கருவியிலும் ‘சரி’ என்று சொல்லியிருந்தாலும் வரலாறு உதவும். காலையில் சரி, 25 நாள். மதியம் அதே அட்டை மடிக்கணினியில் சரி, அங்கும் 25. இரண்டு வெற்றிகள் என்று எண்ணி 25-ஐ மறுபடி 2.5-ஆல் பெருக்கினால் 62 நாள் ஆகிவிடும். அந்த இரண்டாவது வெற்றி நினைவின் ஆயுளைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்லவில்லை. இடைவெளி விட்டு நினைவுகூரும்போதுதான் நினைவு உறுதிப்படுகிறது.

துண்டிக்கப்பட்ட கருவியில் நடந்ததை நாள்வழியாக எழுதி வைத்து, இணைப்பு வந்ததும் வரிசையாக ஓட்டிக் காட்டுவது பழைய யோசனை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான கோடா என்ற கோப்பு முறைமை அதைச் செய்துகாட்டியது. மகாதேவ் சத்தியநாராயணன் தலைமையில் 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய திட்டம் அது. சென்னை ஐ.ஐ.டி.யில் இளநிலையும் முதுநிலையும் முடித்துவிட்டு அங்கே சென்றவர் அவர். அவரும் ஜேம்ஸ் கிஸ்லரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், கணினி நெட்வொர்க்கிலிருந்து பிரிந்திருக்கும்போதும் பயனர் வேலையை நிறுத்தக்கூடாது என்ற கொள்கையை முன்வைத்தார்கள். தேவையான கோப்புகளை முன்கூட்டியே சேமித்து வைப்பது, பிரிந்திருக்கும் காலத்து மாற்றங்களைப் பதிவேட்டில் எழுதுவது, மீண்டும் இணைந்ததும் அந்தப் பதிவேட்டைச் சர்வரில் ஓட்டுவது. ரயிலில் சிக்னல் இல்லாமல் அட்டை படிக்கும் ஒவ்வொருவரும் அந்த ஆய்வின் பயனை அனுபவிக்கிறார்கள்.

நாள்வழி வழியில் முளைக்கும் ஒரு சிக்கல், அழித்தல். கைபேசியில் ஓர் அட்டையை அழித்துவிட்டீர்கள். மடிக்கணினியில் அது இன்னும் இருக்கிறது. சேரும்போது, இது கைபேசிக்குத் தெரியாத புதிய அட்டை போலிருக்கிறது என்று மடிக்கணினி அதைத் திருப்பிக் கொடுத்தால் இறந்தவர் எழுந்து வந்த கதையாகிவிடும். அமேசான் நிறுவனம் 2007-இல் தன் டைனமோ சேமிப்பு முறையைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில், கூடையில் சேர்த்த பொருள் ஒருபோதும் தொலையாது, நீக்கிய பொருள் சிலசமயம் மீண்டும் தலைகாட்டலாம் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. ஆங்கி இதற்காக ‘கல்லறைகள்’ என்றே ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அழித்த ஒவ்வொன்றின் எண்ணும் அதில் ஏறும். அந்தப் பட்டியலும் மற்றவற்றைப் போலவே கருவிகளுக்கிடையே பரிமாறப்படும். அழித்தேன் என்பதும் ஒரு நிகழ்வு என்று எழுதி வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

நாள் எப்போது மாறுகிறது என்ற கேள்வியையும் தொட்டுவிடுவோம். நள்ளிரவு தாண்டியும் படிப்பவர்களுக்கு 12 மணிக்குப் புது நாள் தொடங்கினால் நாளைய அட்டைகள் இன்றிரவே கொட்டும். ஆங்கியில் இயல்பாகவே நாள் அதிகாலை 4 மணிக்கு மாறுகிறது. சென்னையில் காலை 6 மணி என்றால் டொராண்டோவில் முந்தைய நாளின் இரவு. ஊர் மாறும்போது ஒரு கருவி புதிய ஊர் நேரத்திலும் இன்னொன்று பழைய ஊர் நேரத்திலும் இருந்தால் இன்று என்பதே இரண்டாகிவிடும். பதிவேட்டு நேரத்தைப் பொது உலக நேரத்தில் எழுதுவதால் வரலாறு மட்டும் குழம்புவதில்லை.

ஒத்திசைவு உண்மையிலேயே கைவிரிக்கும் இடம் ஒன்று உண்டு. அட்டைகளின் அமைப்பையே மாற்றுவது. குறிப்பில் ‘உச்சரிப்பு’ என்று ஒரு புதுப் புலத்தைச் சேர்க்கிறீர்கள், அல்லது ஓர் அட்டை வார்ப்புருவை நீக்குகிறீர்கள். அந்தக் கணத்தில் வரிகளின் வடிவமே மாறிவிடுகிறது; பழைய வடிவில் எழுதப்பட்ட மாற்றங்களைப் புதிய வடிவோடு பொருத்த வழியில்லை. ஆங்கி அப்போது ஒரு பக்கத்தை முழுதாக ஏற்று மறுபக்கத்தை முழுதாகக் கைவிடச் சொல்கிறது: பதிவேற்றவா, பதிவிறக்கவா? கைபேசியில் ஒரு வாரம் ஒத்திசைக்காத மறுபார்வைகள் கிடக்கும்போது மடிக்கணினியில் ஒருவர் புலம் சேர்த்துவிட்டால், ஒன்று புலத்தை இழக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வாரத்தின் உழைப்பை. நாள்வழியும் சேர்ந்தே போய்விடுகிறது என்பதுதான் இதில் கொடுமை. எந்த வடிவ மாற்றமாக இருந்தாலும், ‘இந்த அட்டைக்கு இந்த நேரத்தில் இப்படி விடை சொன்னேன்’ என்ற வரிக்கு வடிவம் மாறுவதில்லையே. முழுப் பரிமாற்றத்தின்போதும் பதிவேட்டை மட்டுமாவது சேர்த்துக்கொள்வதே நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

பதிவேட்டுக்கு அண்மைக் காலத்தில் மதிப்பு கூடியிருக்கிறது. சீனாவைச் சேர்ந்த ஜாரெட் யே உருவாக்கிய எஃப்.எஸ்.ஆர்.எஸ் என்ற புதிய கணக்கு முறை 2023-இன் இறுதியில் ஆங்கியோடு இணைக்கப்பட்டது. ஒவ்வோர் அட்டைக்கும் கடினம், நிலைப்பு, நினைவுகூரும் வாய்ப்பு என்ற மூன்று அளவுகளை அது கணிக்கிறது. எல்லோருக்கும் பொதுவான 2.5-க்குப் பதிலாக, உங்கள் சொந்த மறுபார்வைப் பதிவேட்டைப் படித்து உங்கள் மறதிக்கேற்ற எண்களைக் கண்டுபிடிக்கிறது. அந்த முறைக்கென்று எழுதப்பட்ட ஒரு துணைநிரலில், மற்றக் கருவிகளில் பார்த்த அட்டைகளை ஒத்திசைவுக்குப் பின் பதிவேட்டிலிருந்து மறுபடி கணக்கிடும் வசதியும் உண்டு. பேரேட்டை நாள்வழியிலிருந்து மறுபடி எழுதுவது என்று சொன்னோமே, அதுதான். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பேட்டர் பீன்ஸ்ட்மன் தொடங்கிய நிமோசின் என்ற கட்டற்ற மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே போனது. விருப்பமுள்ள பயனர்களின் பதிவேடுகளை, பெயர் நீக்கி, நினைவாற்றல் ஆய்வுக்காகவே சேகரித்தது. எபிங்காஸ் தன்னந்தனியாக உட்கார்ந்து திரட்டிய வகைத் தரவை இன்று உலகெங்கும் படிப்பவர்கள் தங்கள் அன்றாடப் படிப்பின் போக்கிலேயே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கற்பித்தல் செயலிகளை எழுதும் நம் ஊர் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாணவரின் முன்னேற்றம் என்று ஒரு சதவீதத்தையோ ஒரு நிலையையோ மட்டும் சேமித்து, அதையே கருவிகளுக்கிடையே நகலெடுக்காதீர்கள். ஒவ்வொரு விடையையும் நேரத்தோடு எழுதுங்கள், அழிக்காதீர்கள், அதை ஒத்திசையுங்கள். நிலையை எப்போது வேண்டுமானாலும் அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். பத்தாண்டு கழித்து இதைவிட நல்ல கணக்கு முறை வரும்போது, பழைய விடைகளெல்லாம் அதற்குப் பயன்படும்.

படிப்பவர்களுக்கும் சில வேலைகள் இருக்கின்றன. கைபேசியிலும் கணினியிலும் நேரம் தானாகத் திருந்தும்படி விட்டுவிடுங்கள். தொகுப்பை மேகக் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். புலமோ வார்ப்புருவோ மாற்றுவதற்கு முன் உங்களிடமுள்ள எல்லாக் கருவிகளையும் ஒருமுறை ஒத்திசைத்துவிடுங்கள். ரயிலைவிட்டு இறங்கிச் சிக்னல் வந்ததும் ஒத்திசைவுப் பொத்தானை அழுத்துங்கள், மடிக்கணினியில் முதல் அட்டையைத் திறக்கும் முன் மறுபடி அழுத்துங்கள்.